இரவில் கொசுவலை கட்டியும் டெங்கு வந்தது எப்படி?

கேள்வி: என் கணவர் டெங்கு காய்ச்சல் குணமாகிப் போன வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். எங்கள் வீட்டைச் சுற்றிச் சாக்கடையே கிடையாது. சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றுகிறோம், இரவில் எல்லோரும் கொசுவலைக்குள்தான் படுக்கிறோம். அப்படியும் எப்படி வந்தது? ஒருமுறை வந்துவிட்டதால் அவருக்கு இனி வராதுதானே? 3 வயது மகனை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் செய்தவை எல்லாம் இரவுக் கொசுவுக்கான ஏற்பாடு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு மும்முரமான வேளை. சாக்கடையும் அதற்கு வேண்டாம், தேங்கிய நல்ல தண்ணீர் கொஞ்சம் இருந்தால் போதும். அதிக தூரம் பறக்காது என்பதால், உங்கள் கணவரைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்திலோதான் பிறந்திருக்கும்.

அதனால் தேடுதலை வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, தண்ணீரில் வளரும் கொடியின் பாட்டில், ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, புழங்காத கழிப்பறை, மாடியில் கிடக்கும் பழைய டயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை இந்தச் சுற்று வந்தால் அதற்குள் முந்திக்கொள்ளலாம்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். உட்பக்கத்தை நாரோ பிரஷ்ஷோ போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காலி செய்ய முடியாத தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள். அதன் காற்றுக் குழாயின் வாய்க்கும் சின்னக் கண் வலை கட்ட வேண்டும், பலர் மறந்துவிடுவது இதைத்தான். தெருவில் அடிக்கும் புகை மருந்து அப்போது பறக்கும் கொசுவைக் கொல்லலாம், முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது.

மூடிய அறையில் கொசுவர்த்தி வேண்டவே வேண்டாம். அந்தப் புகை முழுவதும் குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறது. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள். மகன் பகலில் தூங்கும்போதும் வலைக்குள் தூங்கட்டும், விளையாடும்போது முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். பூசும் மருந்து வாங்கினால் டீட் அல்லது பிக்காரிடின் உள்ளதா என்று பாருங்கள். டீட் 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் பூசலாம். ஆனால் உங்கள் கையில் எடுத்துத்தான் தடவ வேண்டும்; அவன் கை விரல்கள், கண், வாய் பக்கம் கூடாது. ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் கைபேசிச் செயலி என்று ஒன்று சுற்றுகிறது, அதை நம்பாதீர்கள். இரவு வலையையும் விட்டுவிடாதீர்கள். மலேரியா, யானைக்கால் போன்றவற்றைப் பரப்பும் கொசுக்கள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன.

இனி வராதா என்று கேட்டீர்கள். வரலாம். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. வந்து போன வகைக்கு மட்டும்தான் நீண்டகால எதிர்ப்பு கிடைக்கும். வேறு வகை இரண்டாவது முறை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். ஆகவே உங்கள் கணவரும் பகல் பாதுகாப்பில் சேர்த்தி.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் காய்ச்சலில் படுத்திருந்த முதல் சில நாளில் அவரைக் கடித்த கொசுவின் உடலில் வைரஸ் வளர 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு அது உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்குப் பரப்பலாம். அதனால்தான் டெங்கு நோயாளி பகலிலும் வலைக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தெரிய 4 முதல் 10 நாள் ஆகும். ஆகவே அடுத்த சில வாரத்தில் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும் 'சாதாரண ஜுரம்தான்' என்று விடாமல் மருத்துவரிடம் காட்டி, கணவருக்கு டெங்கு இருந்ததைச் சொல்லுங்கள்.

அதுவரை பாராசிட்டமால் மட்டும், குழந்தைக்கு எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றும் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம், தொடாதீர்கள். காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கியதாக நினைக்க வேண்டாம். டெங்குவில் அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய கட்டம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மூச்சு வாங்குதல், குழந்தை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது என்று எது தெரிந்தாலும், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.