காரைத் தாழ்த்த லோயரிங் ஸ்பிரிங் போதுமா, காயிலோவர் வேண்டுமா?

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கை விடக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். இருக்கிற ஷாக் அப்சார்பரிலேயே மாட்டலாம். காயிலோவரில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பொருத்தம் பார்த்து ஒரே செட்டாக வரும். ஷாக்கின் மரை போட்ட உடலில் உள்ள வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். (ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் பின்பக்கம் இரண்டும் தனித்தனிதான். செட்டிலும் அப்படியே வரும், பயப்பட வேண்டாம்.)

வங்கிக் கண்ணாடிக் கதவின் மேலே இருக்கும் டோர் க்ளோசரைப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் கதவை இழுக்கிறது, எண்ணெய் அதை நிதானப்படுத்துகிறது. ஸ்பிரிங்கை மட்டும் பலமாக்கினால் கதவு படாரென்று அடிக்கும். காரிலும் அதே கதை. துள்ளலை அடக்குவது ஷாக்கில் உள்ள எண்ணெய். விறைப்பான ஸ்பிரிங்குக்கு அது ஈடுகொடுக்காவிட்டால், ஒரு பள்ளத்துக்கு வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும்.

இந்திய ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. அதில் 30 மி.மீ. போனால், நாலு பேர் ஏறியதும் உயரமான வேகத்தடையில் அடி உரசும். தினசரி ஓட்டத்துக்கு, ஷாக் நல்ல நிலையில் இருந்தால், லேசாக இறக்கும் ஸ்பிரிங்கே போதும் என்பேன். ஷாக் கசிகிறதா, ரேஸ் டிராக்கில் ஓட்டுவீர்களா? சரி, காயிலோவர் வாங்குங்கள். எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும்.

அப்புறம், பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் அதுவும் லோயரிங் ஸ்பிரிங்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வெட்டிய முனை சரியாக உட்காராது, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவலாம்.