கன்னத்துக்குக் கொழுப்பு மாற்று சிகிச்சை: சேமிப்பில் கை வைப்பதா, தவணை எடுப்பதா?

கேள்வி: எனக்கு வயது 41. சுயதொழில் செய்கிறேன். கடந்த ஓராண்டில் 14 கிலோ எடை குறைத்தேன். இன்னும் நான்கைந்து கிலோ குறைக்க நினைக்கிறேன். ஆனால் கன்னங்கள் ஒட்டிப்போய், பார்ப்பவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் செலுத்தும் சிகிச்சைக்கு என் மூன்று மாத வருமானத்தைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். பள்ளத்தை ஜெல்லால் நிரப்பும் ஃபில்லர் ஊசி என்றால் ஒரு மாத வருமானத்தில் 60 சதவீதம்; அதை ஆண்டுதோறும் போட வேண்டும். ஐந்தாண்டில் இரண்டும் சமமாகிவிடுவதால், கொழுப்பு மாற்று ஒரே முறை செய்யும் முதலீடு என்று எண்ணுகிறேன். அவசர கால நிதியாக ஐந்து மாத வருமானம் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கவா, மருத்துவமனை தரும் 12 மாத வட்டியில்லாத் தவணையில் சேரவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் ஆசையை வீண் செலவு என்று நான் கருதவில்லை. கண்ணாடியில் தெரியும் முகம் நோயாளியின் முகம்போல் இருப்பது ஒருவருக்கு எவ்வளவு வேதனை தரும் என்பது எனக்குப் புரிகிறது. என் தயக்கமெல்லாம் நீங்கள் போட்டிருக்கும் கணக்கைப் பற்றியது. ‘ஒரே முறை’ என்ற சொல்லின்மேல் அந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது, அந்தச் சொல்லோ உறுதியானதல்ல.

தொடையிலிருந்து உறிஞ்சி எடுக்கப்படும் கொழுப்பு, அந்த நொடியிலேயே தன் இரத்த ஓட்டத்தை இழந்துவிடுகிறது. முகத்தில் செலுத்தப்பட்ட பின், புதிய இரத்தக் குழாய்கள் வளரும்வரை அது அக்கம்பக்கத்துத் திசுவிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை மட்டுமே நம்பி வாழ வேண்டும். ஒரே இடத்தில் உருண்டையாக வைத்தால் நடுவில் இருப்பது பட்டினியால் அழிந்துவிடும் என்பதால்தான், அனுபவமுள்ள சர்ஜன்கள் கேனுலா எனப்படும் முனை மழுங்கிய மெல்லிய குழாயால் இழை இழையாக, வெவ்வேறு அடுக்குகளில் பொறுமையாக வைக்கிறார்கள். 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் நாய்பர், கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கண்ணருகே இருந்த பள்ளத்தில் வைத்தபோதே, சிறு துண்டுகள்தாம் நன்றாகத் தங்குகின்றன என்று கவனித்திருந்தார். கருவிகள் எவ்வளவோ முன்னேறியும், வைத்ததில் எவ்வளவு தங்கும் என்பதை எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஆய்வுகளில் இது 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை வேறுபடுகிறது. வீக்கம் வடிந்து, கரைவது கரைந்து, உண்மையான பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். தங்கியது பல ஆண்டுகள் நிலைக்கும் என்பது உண்மைதான். போதிய அளவு தங்காததால் இரண்டாம் முறை செய்துகொள்பவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

ஆகவே கணக்கைத் திரும்பப் போடுவோம். கட்டணம் மூன்று மாத வருமானம். வீக்கமும் கன்றிப்போன நிறமும் குறைய இரண்டு வாரங்களாவது ஆகும். சுயதொழிலில் வேலை நின்றால் வரவும் நிற்கும் என்பதால் அதற்கு அரை மாதம். பரிசோதனை, மருந்து, கொழுப்பு எடுத்த இடத்தில் அணியும் இறுக்க உடை ஆகியவற்றுக்குக் கால் மாதம். இரண்டாம் அமர்வுக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்தால் ஒன்றரை மாதம். மொத்தம் ஐந்தேகால் மாத வருமானம், அதாவது உங்கள் அவசர கால நிதி முழுவதையும் விடச் சற்று அதிகம். ஃபில்லர் செலவோடு இது சமமாக ஐந்தாண்டு போதாது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். அதோடு பரவலாகப் போடப்படும் ஹயலுரானிக் அமில வகை ஃபில்லர் பிடிக்காவிட்டால் அதைக் கரைக்க ஊசி உண்டு, பணம் இல்லாத ஆண்டில் போடாமலும் இருந்துவிடலாம். கொழுப்பில் கட்டி தட்டினாலோ இரு கன்னமும் ஒன்றுபோல் அமையாவிட்டாலோ, திருத்துவதும் தனிச் செலவு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இன்னும் நான்கைந்து கிலோ குறைக்கப் போகிறேன் என்ற வரி. மாற்றி வைத்த கொழுப்பு உயிருள்ள கொழுப்பு. உடல் இளைத்தால் அதுவும் இளைக்கும். எடை ஓரிடத்தில் நிலைக்கும் முன் இதைச் செய்துகொள்வது, கரையப் போகும் பொருளுக்கு முழு விலை கொடுப்பதற்குச் சமம். காத்திருக்கும் மாதங்களில் தனிக் கணக்கில் மாதம் வருமானத்தின் கால் பங்கைப் போட்டுவந்தால், 12 மாதத்தில் முதல் கட்டணம் கடனின்றிக் கையில் இருக்கும். தவணைக்குக் கட்ட நினைத்த அதே தொகைதான் அது.

அந்த வட்டியில்லாத் தவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று மருத்துவமனையில் கேளுங்கள். எட்டு சதவீதம் குறைப்போம் என்றால், பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், தவணையில் நீங்கள் கட்டுவது ஆண்டுக்கு ஏறக்குறைய 16 சதவீத வட்டி. அதற்குக் கட்டணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். செயலாக்கக் கட்டணம், ஒரு தவணை தவறினால் வரும் அபராதம் இவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் பலன் போதாமல் இரண்டாம் அமர்வுக்குப் போகும் நேரத்தில் முதல் கடன் பாதிக்கு மேல் தீர்ந்திருக்காது என்பது எனக்கு இதைவிடப் பெரிய கவலை.

மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தாலோ நோயாலோ முகத்தில் ஏற்பட்ட பள்ளத்தைச் சீரமைப்பதற்குச் சில பாலிசிகள் பணம் தரக்கூடும். அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாகத் தருவதில்லை. அழகு சிகிச்சையின் விளைவாகப் பின்னர் வரும் சிக்கலுக்கான சிகிச்சையையும் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும், எனவே விலக்குகள் பகுதியை வரி விடாமல் படியுங்கள். செலுத்தும் கொழுப்பு இரத்தக் குழாயை அடைத்துப் பார்வை பறிபோவது மிக அரிது, ஆனாலும் நடந்திருக்கிறது. ஃபில்லருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே முறையான பிளாஸ்டிக் சர்ஜரி பட்டமும் முக அனுபவமும் உள்ளவரை விட்டுவிட்டு, சலுகை விலைக்காக வேறொருவரிடம் போகாதீர்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் சிக்கனத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

எடை ஆறு மாதம் அசையாமல் நின்ற பிறகு அதே மருத்துவரிடம் போய், இரண்டாம் அமர்வு தேவைப்பட்டால் என்ன கட்டணம், மயக்க மருந்துக்கும் அறுவை அரங்குக்கும் மறுபடியும் தனியே வாங்குவீர்களா, எவ்வளவு காலத்துக்குள் வந்தால் சலுகை என்று கேட்டு, பதிலைக் கட்டணச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சிகிச்சை முடிந்ததும் எந்தப் பக்கத்தில் எத்தனை மில்லி செலுத்தினார்கள் என்ற அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் வேறு சர்ஜனிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.