கேஸ் கீசர்: பற்றிய தீ ஏன் அணைகிறது?

கேள்வி: குழாயைத் திறந்ததும் எங்கள் கேஸ் கீசர் ‘டிக் டிக்’ என்ற ஒலியுடன் பற்றி, சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. ஐப்பசி மழை தொடங்கிய பின் சில நாட்களில் பொறியே வருவதில்லை. சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பொறிக்கு மின்சாரம் தரும் பேட்டரிகள் இரண்டையும் ஒருசேரப் புதிதாக மாற்றி, அவை பொருந்தும் தகடுகளில் ஈரக்காற்றால் படிந்த பச்சைக் களிம்பைத் துடைத்துவிடுங்கள்.

தீச்சுடர் சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். பர்னருக்கு மேல் நீட்டியிருக்கும் உணர்கம்பி அந்த நுண்ணிய மின்னோட்டத்தைப் போர்டுக்குத் தெரிவித்தால்தான் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான்) கேஸைத் தொடர்ந்து விடும். கம்பியில் கரி படிந்தாலோ, அது சுடரைவிட்டு விலகினாலோ, தீ எரிந்துகொண்டிருந்தும் இல்லையெனக் கருதி வால்வு மூடிக்கொள்ளும். உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கேஸை மூடி, ஆறியபின் மெல்லிய உப்புத்தாளால் கம்பியைத் தேய்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி மாற்றியும் பொறி வராவிட்டால் தண்ணீரைப் பாருங்கள். நீரழுத்தம் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளி மைக்ரோ சுவிட்சை இயக்கினால்தான் பொறி பிறக்கும். 10 மீட்டர் உயரத் தொட்டிக்கே அழுத்தம் சுமார் 1 பார் (அழுத்த அலகு) மட்டுமே என்பதால், மாடித் தொட்டி தாழ்வாக இருந்து, போர்வெல் மணல் நுழைவாய் வடிகட்டியையும் அடைத்தால் சுவிட்ச் அசையாது.

இத்தனைக்குப் பிறகும் சரியாகாவிட்டால் மட்டுமே போர்டைச் சந்தேகிக்கலாம். கீசர் குளியலறைக்குள் இருந்தால், கேஸ் எரியும்போது வெளிவரக்கூடிய கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு உயிரையே பறிக்கும் என்பதால், பழுதுபார்க்கும்போதே அதை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.