ரெண்டு கட்சியும் புடிக்கலைன்னா யாருக்கு ஓட்டு போடுறது? அமெரிக்க எலெக்‌ஷன் கேள்வி பதில்

நியூஜெர்சில எலெக்‌ஷன் அன்னிக்கு பூத்ல உக்கார்ற ஆளு நான், அதனால அமெரிக்க தேர்தல் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல முக்காவாசி கேள்வியே இல்ல, புலம்பல். டெமாக்ரட்டும் வேணாம் ரிபப்ளிகனும் வேணாம், வேற வழியே கிடையாதான்னு. இதுல நீங்க தனியாள் இல்ல, 2024-ல கேலப்ங்கற கருத்துக்கணிப்பு கம்பெனி எடுத்த கணக்குல 43 சதவீதம் பேர் தன்னை எந்தக் கட்சியும் சாராத இன்டிபென்டன்ட்னுதான் சொல்லிக்கிட்டாங்க. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன், திட்டி வந்ததை விட்டுட்டேன்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): அண்ணா, இப்பதான் சிட்டிசன் ஆனேன். நவம்பர்ல நிக்கிற ரெண்டு பேரையும் பாத்தா எரியிற கொள்ளில எது நல்ல கொள்ளின்னு தேடுற மாதிரி இருக்கு. மூணாவது கட்சிக்கு போட்டா ஓட்டு வேஸ்ட்டா?

பிரசிடென்ட் எலெக்‌ஷன்னா அது நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்கங்கறதப் பொறுத்தது. நாடு முழுக்க ஒரே தேர்தல்னு நெனச்சுக்கிட்டிருப்பீங்க, உண்மையில ஸ்டேட் ஸ்டேட்டா தனித்தனி தேர்தல், ஒவ்வொரு ஸ்டேட்டும் பிரசிடென்ட்டைத் தேர்ந்தெடுக்க எலெக்டர்னு பிரதிநிதிகளை அனுப்பும், மொத்தம் 538 எலெக்டர்ல 270 வேணும், மெய்னும் நெப்ராஸ்காவும் தவிர மத்த 48 ஸ்டேட்லயும் மத்தவங்களைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்குனாலும் அவருக்கே அந்த ஸ்டேட்டோட மொத்த எலெக்டரும் போயிடும். ஜெர்சி 1992-லேர்ந்து டெமாக்ரட் பக்கம்தான், அதனால இங்க கோவத்துக்கு மூணாவது ஆளுக்குக் குத்தினாலும் ரிசல்ட் மாறாதுன்னு ரொம்ப நாள் தைரியமா சொல்லிட்டிருந்தாங்க. ஆனா 2020-ல கிட்டத்தட்ட 16 பாயின்ட் இருந்த வித்தியாசம் 2024-ல 6-க்கு கீழ வந்துருச்சு, இனிமே அவ்வளவு தைரியமா சொல்ல முடியாது. டெலவேர் ஆத்தைத் தாண்டி இழுபறி ஸ்டேட்டான பென்சில்வேனியால இருக்குற உங்க ஃப்ரெண்டு அதே ஓட்டைப் போட்டா கதையே வேற.

ஆனா ஒண்ணு, நவம்பர்ல போய் யோசிக்கிறதே லேட்டு. அது கீழ வருது.

கேள்வி (மதுரை): இந்தியாலயும் அதிக ஓட்டு வாங்குனவரு ஜெயிப்பாருங்கற அதே முறைதானே சார், இங்க தடுக்கி விழுந்தா ஒரு கட்சி இருக்கு. அங்க மட்டும் எப்படி ரெண்டே ரெண்டு?

வந்ததுலயே உருப்படியான கேள்வி இதுதான்.

ஒரு தொகுதில ஒருத்தர்தான் ஜெயிப்பாருன்னா மூணாவதா வர்றவருக்கு ஒண்ணும் கிடைக்காது, அது தெரிஞ்ச ஜனங்க முதல் ரெண்டு பேர் பக்கம் ஒதுங்கிடுவாங்க, காலப்போக்குல ரெண்டு கட்சிதான் மிஞ்சும்னு பிரான்ஸ் நாட்டு டுவெர்ஜேன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஆனா இது தொகுதிக்குத்தான் சரியா வரும், நாட்டுக்கு அப்படியே வராது. இந்தியால ஸ்டேட்டுக்கு ஸ்டேட் அந்த ரெண்டு பேர் யாருங்கறது மாறுது, எல்லாத்தையும் டெல்லில கூட்டிப் பாத்தா முப்பது நாப்பது கட்சி தெரியுது.

அமெரிக்காலயே இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. 1968-ல ஜார்ஜ் வாலஸ் தனியா நின்னு 13.5 சதவீதம்தான் வாங்குனாரு, ஆனா தெக்கத்தி ஸ்டேட்ல மொத்தமா குவிஞ்சதால அஞ்சு ஸ்டேட் ஜெயிச்சு 46 எலெக்டர் கிடைச்சுது (ஆளு இனப் பிரிவினையைத் தூக்கிப் புடிச்சவரு, அது வேற கதை). 1992-ல சுயேச்சையா நின்ன ராஸ் பெரோ 18.9 சதவீதம், ஒண்ணே முக்கால் கோடி ஓட்டுக்கும் மேல, கிட்டத்தட்ட ரெண்டு கோடி. மெய்ன்ல அப்போ பிரசிடென்ட்டா இருந்த அப்பா புஷ்ஷையே முந்தி ரெண்டாவது வந்தாரு. எத்தனை எலெக்டர்? ஒண்ணு கூட இல்ல. நாடு பூரா பரவலா வாங்குனா சைபர், ஒரு மூலைல குவிச்சு வாங்குனா சீட்டு. 2006-ல விஜயகாந்த் முதல் தடவை நின்னப்ப 8 சதவீதத்துக்கு மேல வாங்கியும் விருத்தாசலம் ஒண்ணுதானே கிடைச்சுது, அதே கணக்கு.

இன்னொரு காரணம் யாரும் அவ்வளவா பேசுறதில்ல. நம்ம ஊர்ல சீட்டு குடுக்குறது தலைமை. கிடைக்காதவரு கோச்சுக்கிட்டு வெளிய போயி தனிக்கட்சி. இங்க கட்சித் தலைவர்னு ஒருத்தர் உக்காந்து "உனக்கு சீட்டு இல்ல"ன்னு சொல்ல முடியாது, கையெழுத்து வாங்கி மனு போட்டா யாரு வேணா கட்சியோட பிரைமரில (கட்சி வேட்பாளர் யாருன்னு ஜனங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ற முன்தேர்தல்) நிக்கலாம், கட்சிக்காரங்களே வேணாம்னு சொன்ன டிரம்ப் 2016-ல அப்படித்தான் கட்சியையே கையில எடுத்தாரு, செனட்ல சுயேச்சையாவே இருக்குற சாண்டர்ஸ் டெமாக்ரட் பிரைமரில நின்னு ஹிலரிக்கு தண்ணி காட்டுனாரு. அங்க புதுக்கட்சியா வெடிக்கிற கோவம் இங்க பழைய கட்சிக்குள்ளயே போய் குடியேறிடுது. வெளில இருந்து பாத்தா ரெண்டு போர்டுதான், உள்ள ஆளுங்க மாறிக்கிட்டே இருக்காங்க.

கேள்வி (சியாட்டில்): பணம்தான் பிரச்சனைன்னா மஸ்க் மாதிரி ஆளு கட்சி ஆரம்பிச்சா போதுமே?

2025 ஜூலைல அமெரிக்கா பார்ட்டின்னு அறிவிச்சாரு, அறிவிப்போட நின்னுச்சு. பெரோவும் கோடீஸ்வரர்தான். இன்னொரு கோடீஸ்வரர் புளூம்பெர்க் 2020-ல டெமாக்ரட் பிரைமரில கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கொட்டி அமெரிக்கன் சமோவாங்கற குட்டித் தீவுப் பகுதி ஒண்ணை மட்டும் ஜெயிச்சாரு.

பணத்தைவிட பெரிய தலைவலி பேலட்ல, அதாவது ஓட்டுச் சீட்டுல, பேர் வர்றது. ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனி ரூல், தனி தேதி, இத்தனை கையெழுத்துன்னு தனி கணக்கு, அதுக்கு மேல எதிர்க்கட்சி வக்கீலுங்க ஒவ்வொரு கையெழுத்தா செல்லாதுன்னு கேஸ் போடுவாங்க. பிரசிடென்ட்டுக்கு சுயேச்சையா நின்ன ராபர்ட் கென்னடி ஜூனியர் 2024-ல பேரைச் சேக்க ஸ்டேட் ஸ்டேட்டா சண்டை போட்டாரு, ஆகஸ்ட்ல ஒதுங்குன பிறகு பேரை எடுக்கச் சொல்லி திரும்ப சண்டை, மிச்சிகன்லயும் விஸ்கான்சின்லயும் எடுக்கவே முடியல, அச்சாகித்தான் வந்துச்சு.

கேள்வி (டாம்பா): 2000-ல மூணாவது ஆளா நின்ன கிரீன் பார்ட்டி நேடர் ஓட்டைப் பிரிச்சதாலதான் டெமாக்ரட் கோர் தோத்தாரு, ரிபப்ளிகன் புஷ் (மகன்) வந்தாரு, ஈராக் போர் வந்துச்சு. மூணாவது ஆளுக்குப் போடுறவங்களுக்கு இது உறைக்காதா?

நம்பர் உண்மைதான். ஃப்ளோரிடால புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல, நேடர் வாங்குனது 97,488. அதுல நூத்துக்கு ரெண்டு பேர் கோருக்குக் கூடுதலா திரும்பியிருந்தா போதும். ஆனா நாடு முழுக்க கோருக்குத்தான் அஞ்சு லட்சத்துக்கும் மேல அதிக ஓட்டு, அப்படியும் தோத்தாரு. இருபத்தஞ்சு வருஷமா நேடரைத் திட்டுறாங்க, இந்த எலெக்டர் ரூலைத் திட்டுன டெமாக்ரட் தலைவர்கள் ரொம்பக் கொஞ்சம். பிடிச்ச ஆளுக்கு ஓட்டு போட்டவனை குத்தவாளி ஆக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ரெண்டாவது விருப்பத்தைச் சொல்ல அந்த சீட்டுல எடமே இல்லாம வச்சது யாரு?

கேள்வி (கோயம்புத்தூர்): அங்க நோட்டா இருக்கா?

நெவாடால மட்டும் இருக்கு, 1975-லேர்ந்து. நம்ம நோட்டா 2013-லதான் வந்துச்சு. 2024 பிப்ரவரில செம கூத்து, ரிபப்ளிகன் பிரைமரில டிரம்ப் பேர் இல்ல, நிக்கி ஹேலி நின்னாங்க, "இவங்க யாரும் வேணாம்"ங்கற கட்டத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல விழுந்து ஹேலி தோத்தாங்க. ஆனா சட்டப்படி அந்தக் கட்டம் ஜெயிக்க முடியாது, இந்தியா மாதிரியேதான். கோவத்தைக் காட்டலாம், அவ்வளவுதான்.

கேள்வி (திருச்சி): சின்னக் கட்சிங்க ஏன் கூட்டணி வைக்க மாட்டேங்குறாங்க?

பெரும்பாலான ஸ்டேட்ல ஒரே வேட்பாளர் ரெண்டு கட்சி பேர்ல நிக்கக் கூடாது, அந்தத் தடை செல்லும்னு 1997-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. நியூயார்க் அதுல விதிவிலக்கு. 2025 நவம்பர்ல மேயர் எலெக்‌ஷன் பேலட்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும், மம்தானி பேர் டெமாக்ரட் கட்டத்துலயும் இருக்கும், வொர்க்கிங் ஃபேமிலிஸ் பார்ட்டி கட்டத்துலயும் இருக்கும், எதுல குத்தினாலும் அவர் கணக்குலதான் சேரும், ஆனா எந்தக் கட்சி எத்தனை கொண்டாந்து குடுத்துச்சுன்னு தனியா எண்ணிக் காட்டுவாங்க. நம்ம ஊர் கூட்டணிப் பேரத்துக்கு இதுதான் கிட்டத்துல வரும். சின்னக் கட்சிக்கு ஓட்டும் போட்டாச்சு, யாருடைய ஓட்டையும் பிரிக்கல.

கேள்வி (பிஸ்காட்டவே, நியூஜெர்சி): அண்ணா, எதுலயும் சேராம இருக்கேன். ஜூன் பிரைமரி நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன், தப்பா?

தப்புதான் தம்பி. நீங்க திட்டுற ரெண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது அந்த ஜூன்தான்.

பூத்ல உக்காந்தா இது அப்படியே தெரியும். நவம்பர்னா காலைல ஆறு மணிக்கே வரிசை, ஜூன்ல நாங்க நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு டோனட் தின்னுக்கிட்டு இருப்போம், வர்றதெல்லாம் வயசானவங்களும் கட்சிக்காரங்களும்தான். 2018-ல நியூயார்க்ல காங்கிரஸ்ல (இங்கத்த பார்லிமென்ட்) இருபது வருஷமா உக்காந்திருந்த டெமாக்ரட் ஜோ க்ரௌலியை ஒகாசியோ கோர்டெஸ் தோக்கடிச்சாங்களே, ஏழு லட்சம் பேர் இருக்குற தொகுதி, அந்த பிரைமரில விழுந்தது மொத்தமே முப்பதாயிரத்துக்கும் கீழ. அந்தப் பக்கம் 2014-ல வர்ஜீனியால ரிபப்ளிகன் மெஜாரிட்டி லீடர் எரிக் கேன்ட்டரையே பேர் தெரியாத ஒரு காலேஜ் வாத்தியார் பிரைமரில கவுத்தாரு. முக்காவாசி தொகுதி ஒரே கட்சி கைல இருக்குறது, அங்க நவம்பர் வெறும் சடங்கு.

ஜெர்சில எந்தக் கட்சிலயும் சேராதவங்க அன்னிக்கே பூத்ல வந்து எந்தக் கட்சி பிரைமரின்னு சொல்லி கையெழுத்து போட்டா போதும், சீட்டு குடுத்துருவோம். அதோட அந்தக் கட்சில பதிவாயிடும், வேணாம்னா அப்புறம் ஃபார்ம் போட்டு வெளில வந்துக்கலாம். ஏற்கனவே ஒரு கட்சில இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னாதான் 55 நாளுக்கு முன்னாடியே போடணும். இதைத் தெரியாம வந்து திரும்பிப் போறவங்களைப் பாத்தா வயிறெரியும். நியூயார்க், பென்சில்வேனியா, ஃப்ளோரிடால இந்த வசதி கிடையாது, முன்கூட்டியே பதிஞ்சிருக்கணும். டெக்சாஸ்ல கட்சிப் பதிவே இல்ல, எந்தக் கட்சி பிரைமரிலயும் போய் போடலாம்.

பிரைமரிலயும் தில்லுமுல்லு உண்டு, இல்லைன்னு சொல்லல. எங்க ஸ்டேட்ல ரொம்ப காலமா கவுன்ட்டி லைன்னு (கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) ஒண்ணு இருந்துச்சு. உள்ளூர் கட்சித் தலைங்க ஆதரிக்கிற ஆளுங்களை எல்லாம் பிரசிடென்ட்லேர்ந்து கவுன்சிலர் வரைக்கும் ஒரே வரிசைல அழகா அடுக்கிடுவாங்க, எதிர்த்து நிக்கிறவர் பேரு எங்கயோ ஓரத்துல, நடுவுல ரெண்டு மூணு காலிக் கட்டம் வேற. பெரியவங்க மேலேர்ந்து கீழ ஒரே வரிசைல குத்திட்டுப் போயிடுவாங்க. செனட்டுக்கு நின்ன ஆன்டி கிம் கேஸ் போட்டு, 2024 மார்ச்ல ஃபெடரல் ஜட்ஜ் அந்த ஜூன் டெமாக்ரட் பிரைமரிக்கு இது கூடாதுன்னுட்டாரு. கிம்மை எதிர்த்து நின்ன, கட்சித் தலைங்க பலபேர் ஆதரிச்ச அப்போதைய கவர்னர் மர்ஃபியோட சம்சாரம் தீர்ப்புக்கு சில நாள் முன்னாடியே போட்டில இருந்து விலகிட்டாங்க. கிம் இப்ப செனட்டர். 2025-ல சட்டமும் மாறி, பதவிக்கு ஒரு கட்டம், அதுக்குள்ள எல்லா பேரும்னு ஆயிடுச்சு. மூணாவது கட்சி ஆரம்பிச்சு முப்பது வருஷம் கத்தியிருந்தாலும் இது நடந்திருக்காதுன்னு என் எண்ணம்.

கேள்வி (பாஸ்டன்): ரேங்க் போடுற முறை வந்தா எல்லாம் சரியாயிடுமா?

எல்லாம் சரியாகாது, ஓட்டு வேஸ்ட்டாகுங்கற பயம் போகும். 1, 2, 3-ன்னு வரிசை போடுறோம், யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா கடைசி ஆளைத் தூக்கிட்டு அவருக்குப் போட்டவங்களோட அடுத்த விருப்பத்தை எண்ணுவாங்க. 2018-ல மெய்ன்ல முதல் சுத்துல பின்தங்கியிருந்த ஜாரெட் கோல்டன் இதுலதான் ஜெயிச்சாரு. 2025 நியூயார்க் டெமாக்ரட் பிரைமரில மம்தானியும் பிராட் லேண்டரும் போட்டியாளர்களா இருந்துக்கிட்டே "எனக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு"ன்னு சேந்து ஓட்டு கேட்டாங்க, எந்த எலெக்‌ஷன்லயும் நான் பாக்காத காட்சி.

ஆனா ஜனங்களே வேணாம்னும் சொல்றாங்க. 2024 நவம்பர்ல ஓரிகன், கொலராடோ, ஐடஹோ, நெவாடா நாலு ஸ்டேட்லயும் வாக்கெடுப்புல தோத்துச்சு, அலாஸ்கால இருக்குறதை நீக்கணும்னு வந்தது ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்துல தப்பிச்சுது. குழப்பமா இருக்குன்னு சொல்றாங்க, ரெண்டு பெரிய கட்சிக்கும் உள்ளூர ஆசையில்ல. கட்சி எண்ணிக்கையே கூடணும்னா தொகுதிக்கு மூணு நாலு பேர்னு மாத்தணும், அதுக்கு அரசியல் சாசனம் தடை இல்ல, தொகுதிக்கு ஒருத்தர்னு சொல்றது 1967-ல போட்ட சாதாரண சட்டம்தான். ஆனா மாத்த வேண்டியது அதே சட்டத்துல ஜெயிச்சு வந்த ஆளுங்க.

கேள்வி (டல்லாஸ்): என்ன சொன்னாலும் ரெண்டும் ஒரே குட்டைல ஊறுன மட்டைதானே?

கம்பெனி பணம் வாங்குற விஷயத்துலன்னா சரி. மத்தபடி இல்ல. 2016-ல ஜெயிச்ச டிரம்ப் சுப்ரீம் கோர்ட்டுக்கு மூணு நீதிபதியைப் போட்டாரு, 2022-ல கருக்கலைப்பு உரிமை போச்சு. கருக்கலைப்புக்கு கிட்டத்தட்ட முழுத் தடை இருக்குற டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்குறீங்களே.

கேள்வி (ஃப்ரிஸ்கோ): கிரீன் கார்டுதான் இருக்கு. லைசன்ஸ் எடுக்குறப்ப ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் வேணுமான்னு கேட்டாங்க, டிக் பண்ணலாமா?

பண்ணவே பண்ணாதீங்க. சிட்டிசன்னு டிக் பண்ணாலே பின்னாடி சிட்டிசன்ஷிப் கேக்குறப்ப மாட்டும், நாடு கடத்துற அளவுக்கும் போகலாம், ஓட்டும் போட்டா இன்னும் மோசம். தெரியாம ஏற்கனவே பண்ணியிருந்தா இங்க எழுதிக்கிட்டு இருக்காம நாளைக்கே ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க.