கார்புரேட்டர் பூட்டுவதும் திருகுவதும்: கேள்வி பதில்

பழைய மினி, மோரிஸ் மைனர், டட்சன், முதல் புரோட்டோன் சாகா கார்கள் வைத்திருக்கும் கோலாலம்பூர், பினாங்கு நண்பர்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை.

செந்தூல்: அண்ணே, மினி 1275. எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டுப் பூட்டியாச்சு. ஐடிலே (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது) நிற்க மாட்டேங்குது. எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

கார்புரேட்டரை விட்டுவிட்டு ஆரம்பிங்க தம்பி. இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி 0.012 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியைப் பங்கிடும் பாகம்) உள்ளே இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.015, பிறகு டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). இவை சரியில்லாமல் கார்புரேட்டர் நட்டைத் திருகினால் ஒரு கோளாறை இன்னொன்றால் மூடுகிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து காற்றுக் கசிவு. கேஸ்கெட்டில் சிலிகான் பசை தடவாதீங்க. பெட்ரோல் பட்டு ஊறி, இழை இழையாகப் பிரிந்து உள்ளே போகும். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினால் கார்புரேட்டரின் விளிம்பு வளையும். கசிவு தேட பிரேக் கிளீனர் வேண்டாம், எக்ஸாஸ்ட் சூட்டில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஸ்பிரே போதும். டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல், மேனிஃபோல்ட் (கலவை இன்ஜினுக்குப் போகும் குழாய்) சேரும் இடத்தில் அடிங்க. இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

இப்போது ஜெட், அதாவது பிஸ்டனின் ஊசி இறங்கும் பெட்ரோல் துளை. அதை மேலே முழுக்க ஏற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்க. 'டக்' என்று சுத்தமாக விழணும். மந்தமாக இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை நடுவாக்கணும். டேம்பருக்கு (பிஸ்டன் துள்ளாமல் பிடிக்கும் மேல் பாகம்) எஸ்ஏஇ 20 எண்ணெய். மூடி மரையைத் தொட 6 மில்லிமீட்டர் இருக்கும்போது கைக்குத் தடை தெரிந்தால் அளவு சரி.

கீழே உள்ள நட்டைத் திருகி ஜெட்டைப் பாலத்தோடு (பிஸ்டனுக்கு அடியில் உள்ள மேடை) சமமாக்கி, அங்கிருந்து 12 முகம் கீழே இறக்குங்க. நட்டுக்கு ஆறு முகம், ஆக இரண்டு சுற்று. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஐடில் 800 ஆர்பிஎம் வையுங்க. பக்கத்தில் உள்ள, தூக்குவதற்கான 'பின்'னைக் கொண்டு பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்க. வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு முகம் மேலே. இன்ஜின் தடுமாறினால், அணைந்தால் பெட்ரோல் போதவில்லை, ஒரு முகம் கீழே. லேசாகக் கூடி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் கையை எடுத்துடுங்க. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு முகம். நடுவில் அரை நிமிடம் 2,500இல் ஓட்டுங்க. அவசரப்பட்டு நாலு முகம் திருகுகிறவர்கள்தான் மாலை வரை திருகுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: மைனர், எச்எஸ்2. ஃபுளோட் (மிதவை) கிண்ணத்திலிருந்து பெட்ரோல் சொட்டுது.

கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வில் தூசி, இல்லையென்றால் ஃபுளோட் மட்டம். மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடிங்க. 3.2 மில்லிமீட்டர் டிரில் பிட்டை விளிம்பின் குறுக்கே வைத்தால் ஃபுளோட்டின் கம்பி அதை லேசாகத் தொடணும்.

பட்டர்வொர்த்: டட்சன் 120ஒய்யில் ஹிட்டாச்சி கார்புரேட்டரை எடுத்துவிட்டு வெபர் 32/36 போட்டேன். பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லை.

பம்ப் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பாருங்க. 3.5 பிஎஸ்ஐக்கு மேல் போனால் ஊசி வால்வு அடைத்துப் பிடிக்காது. ரெகுலேட்டர் போட்டு 2.5 முதல் 3க்குள் வையுங்க. ஐடில் ஸ்குரூ லிவரைத் தொட்டதிலிருந்து ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. மிக்ஸ்சர் (பெட்ரோல் கலவை) ஸ்குரூவை மெதுவாக அடைத்து (இறுக்காதீங்க, முனை கெடும்), இரண்டு சுற்று வெளியே எடுங்க. சூடான இன்ஜினில் வேகம் அதிகமாக நிற்கும் இடம் வரை உள்ளேயும் வெளியேயும் தேடுங்க. அது இரண்டரைச் சுற்றையும் தாண்டினால் ஐடில் ஜெட் சின்னது, ஒன்றரைக்குள் வந்தால் பெரியது.

1,171 சிசி இன்ஜினுக்கு 32/36 அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. ஹிட்டாச்சி கெட்டுப்போகாமல் இருந்தால் அதையே கழுவிப் பூட்டியிருக்கலாம்.

கெப்போங்: ஜாமில் ஊர்ந்து வந்து பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினால், திரும்ப ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது.

நிறுத்திய பிறகு சூடு மேலேறி பெட்ரோல் கொதிக்கிறது. ஆவி உள்ளே நிறைந்துவிடும். ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்து, பம்ப் பண்ணாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கிராங்க் பண்ணுங்க. நிரந்தர வழி: கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் தட்டு, எக்ஸாஸ்ட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே தகடு, பெட்ரோல் பைப்பைச் சூட்டிலிருந்து ஒதுக்குவது. பைப்பில் துணிக்கிளிப் மாட்டச் சொல்லும் போமன்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள், சிரித்துவிட்டு வந்துடுங்க.

கோம்பாக்: கெந்திங் ஏறும்போது கரும்புகை, இழுவையும் இல்லை.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, பெட்ரோல் விகிதம் கூடத்தான் செய்யும். அதற்காகக் கீழே வந்து மிக்ஸ்சரைக் குறைத்தால் காராக் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டும்போது இன்ஜின் வெந்துபோகும். விட்டுடுங்க. கீழே சமதரையிலும் கரும்புகை வந்தால்தான் கவலை.

ஆயர் ஈத்தாம்: பழைய சாகா. ஏர்கோன் போட்டதும் அணையுது.

ஐடில் ஸ்குரூவை ஏற்றிச் சமாளிக்காதீங்க. ஏர்கோன் போட்டதும் வேகத்தைத் தூக்குவதற்கு வேக்குவம் டயாஃப்ரம் (இன்ஜினின் உறிஞ்சலில் நகரும் சவ்வு) ஒன்று உண்டு. ஆள் ஒருவரை பட்டனை அமுக்கச் சொல்லி, அதன் கம்பி நகர்கிறதா என்று பாருங்க. நகரவில்லையா, முதலில் ரப்பர் குழாய்களைக் கழற்றிப் பாருங்க. நம் ஊர் வெயிலில் இறுகி, முனையில் வெடித்திருக்கும். வெடித்த முனையை வெட்டிவிட்டு மீதியை மாட்டாமல், முழுக் குழாயையும் மாற்றுங்க.