சார்ஜிங் கன்னை விடுங்கள், கையைக் கவனியுங்கள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் கணவர் மின்சார கார் டாக்ஸி ஓட்டுகிறார். தினமும் பொது சார்ஜிங் ஸ்டேஷனில்தான் சார்ஜ் போடுகிறார். காரில் சொருகும் அந்தச் சார்ஜிங் கன்னை எத்தனையோ பேர் தொடுகிறார்கள், யாரும் துடைப்பதாகத் தெரியவில்லை. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. கன் மேல் சானிடைசர் அடித்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள் என்றால், 'இதெல்லாம் ஓவர்' என்கிறார். நான் சொல்வது தவறா?"

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கன் மேல் சானிடைசர் அடிப்பது வேண்டவே வேண்டாம். சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால்; எளிதில் தீப்பற்றும். மின்சாரம் பாயும் பின்களுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவு செய்தாலும், துடைத்த கைப்பிடி அடுத்த ஆள் தொடும் வரைதான் சுத்தம்.

பெட்ரோல் பங்க்கில் கன்னைப் பிடிப்பவர் அங்கே வேலை செய்பவர். சார்ஜிங் ஸ்டேஷனில் ஓட்டுநர்களே மாறி மாறிப் பிடிக்கிறார்கள். அதனால் பலருடைய தோலில் இருக்கும் கிருமிகள் அந்தப் பிளாஸ்டிக் கைப்பிடிக்கு வந்து சேரும். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா காய்ந்த பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஃப்ளூ வைரஸ் ஒன்றிரண்டு நாள் தாங்கும். கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் மூன்று நாள் வரை இருப்பதாக 2020இல் ஆய்வகத்தில் கண்டார்கள். படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே வைரஸ் படிந்த ஒரு பரப்பை ஒரு முறை தொட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கணித்தது. கிருமி இருப்பது வேறு, நோய் வருவது வேறு. காயமில்லாத தோல் நல்ல காவல். உள்ளங்கையில் ஒட்டிய கிருமி வாய்க்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ போய்ச் சேர்ந்தால்தான் பிரச்சினை.

சார்ஜ் ஏறும் அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கன்னைச் சொருகிய கையால் போனை எடுத்து ஆப்பைத் திறப்பார், கியூஆர் ஸ்கேன் செய்வார். பிறகு பக்கத்துத் தள்ளுவண்டியில் இரண்டு இட்லி, அதே கையால் பிய்த்துச் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் போன் குழந்தை கைக்குப் போகும், அங்கிருந்து நேராக வாய்க்கு. எட்டு மாதத்தில் எதையும் கடித்துப் பார்க்கத்தானே செய்யும்? என்னைக் கேட்டால், கன்னைவிட நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் போனுக்குத்தான். பயணிகள் திறக்கும் கார்க் கதவும், கை மாறும் ரூபாய் நோட்டும்கூட கன்னுக்குச் சளைத்தவை இல்லை.

அதனால் அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். கன்னை மாட்டிய பிறகு, சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவட்டும். வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சின்ன சோப்பும் கிடந்தால் போதும். தண்ணீர் இல்லாத இடத்தில் குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ள சானிடைசரைக் கையில் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகே கன்னைத் திரும்பத் தொடலாம். ஆனால் வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்களே நோய் தரப் போதும். சாப்பாட்டுக்கு முன் சோப்பைத்தான் நம்ப வேண்டும்.

வீட்டுக்குள் வந்ததும் கை கழுவி, ஆல்கஹால் வைப்ஸால் போனைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சிறு குழந்தைகளைக் கடுமையான பேதியில் தள்ளும் ரோட்டா வைரஸும் கை வழியாகப் பரவுவதுதான். அதற்கான சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

கணவர் விரலில் வெட்டுக்காயம், நகச்சுற்று ஏதாவது இருந்தால் மட்டும் பிளாஸ்டர் ஒட்டாமல் கன்னைப் பிடிக்க விடாதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் உள்ளே நுழைய அந்தச் சின்ன வெட்டே போதும்.