பழைய தட்டும் புதிய வெளியீடும்: இண்டிபாப் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: 1990-களின் தொடக்கத்தில் பிரிஸ்டலில் படித்தபோது, அந்நகரத்து ‘சாரா ரெக்கார்ட்ஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட இண்டிபாப் (சிறு சுயாதீன நிறுவனங்கள் வெளியிடும் பாப் இசை) பாடல்களை நண்பர்களின் அறைகளில் கேட்டிருக்கிறேன். ‘ஹெவன்லி’ குழுவின் முதல் ஆல்பம் மட்டும் பெயரோடு நினைவிருக்கிறது. அதன் அசல் வினைல் தட்டுக்கு இணையத்தில் ஒருவர் நூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார். கொடுக்கலாமா? பெயர் மறந்துபோன மற்ற குழுக்களை எப்படித் தேடுவது? (லண்டன் வாசகர்)

பதில்: பாடல்களைக் கேட்பதுதான் உங்கள் நோக்கமென்றால் கொடுக்க வேண்டாம். 1991-இல் வந்த ‘ஹெவன்லி வெர்சஸ் சேட்டன்’ என்ற அந்த ஆல்பத்தை, குழுவின் பாடகி அமீலியா ஃப்ளெட்சரும் பேஸ் கிதார் கலைஞர் ராப் பர்சியும் நடத்தும் ‘ஸ்கெப் வாக்ஸ்’ நிறுவனம், அக்காலத்துச் சிங்கிள்களில் (ஓரிரு பாடல்களோடு தனியாக வரும் சிறு தட்டுகள்) வந்த பாடல்களையும் சேர்த்து 2022-இல் புதிய வினைல் தட்டாக மறுவெளியீடு செய்தது. பழைய தட்டுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் அது விற்பவருக்குத்தான் போகும். மறுவெளியீட்டை வாங்கினால் பணம் பாடியவர்களையே சேரும். ஃப்ளெட்சர் பிரிட்டனின் நியாய வணிக அலுவலகத்தில் தலைமைப் பொருளியலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதை இந்தப் பகுதியில் சொல்லாமல் விட மனம் வரவில்லை: நுகர்வோர் நலனைத் தொழிலாகக் கொண்டவரே தம் பழைய ஆல்பத்தை நியாயமான விலைக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

அசல் பதிப்புதான் வேண்டுமென்றால், கேட்கும் விலையை விட்டுவிட்டு, இதுவரை விற்ற விலையைப் பாருங்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் ‘டிஸ்காக்ஸ்’ தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய பக்கத்தில், அது முன்பு விற்ற குறைந்த விலையும் நடு விலையும் உயர்ந்த விலையும் தரப்பட்டிருக்கும். நடு விலைக்கு வெகு மேலே கேட்கும் விற்பனையாளர் அவசரக்காரர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். தட்டின் தரத்தையும் உறையின் தரத்தையும் தனித்தனியே கேளுங்கள்: ‘நியர் மின்ட்’ என்பது ஏறக்குறையப் புதியது, ‘விஜி பிளஸ்’ என்பது சிறு கீறல்கள் இருந்தாலும் நன்றாக ஒலிப்பது, ‘குட்’ என்பது அச்சொல்லின் பொருளுக்கு மாறாக இரைச்சலை எதிர்பார்க்க வேண்டிய தரம். சாரா நிறுவனத்தின் தொடக்ககாலச் சிங்கிள்கள் பலவற்றுடன் சுவரொட்டியோ அஞ்சலட்டையோ சேர்ந்து வந்தது. அது உள்ளே இருக்கிறதா என்று புகைப்படம் கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஏனெனில் விலை அதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கிளேர் வாடும் மாட் ஹெய்ன்ஸும் 1987-இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஒரே பாடலைப் பல வடிவங்களில் விற்று ரசிகரின் பையைக் காலி செய்வதையும், சேகரிப்பாளருக்கென்று குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுவதையும் வெளிப்படையாக எதிர்த்தது. சிங்கிளில் வந்த பாடலை ஆல்பத்தில் மறுபடி வைத்து விற்பதில்லை என்பதும் அவர்களுடைய பொதுவான நடைமுறை. அப்படி விற்கப்பட்ட மலிவான ஏழங்குலத் தட்டுகளே இன்று சேகரிப்பாளர்களின் ஏலப் பொருளாகியிருக்கின்றன.

மறந்துபோன பெயர்களைக் குழு வழியாகத் தேடாமல் நிறுவனத்தின் வழியாகத் தேடுங்கள். டிஸ்காக்ஸில் சாராவின் பக்கத்தைத் திறந்தால், 1987-இல் வந்த ‘சீ அர்ச்சின்ஸ்’ குழுவின் சிங்கிளான முதல் வெளியீட்டு எண்ணிலிருந்து, 1995-இல் கடையை மூடியபோது வந்த நூறாம் எண் தொகுப்பு வரை வரிசையாகக் கிடைக்கும் (ஐம்பதாம் எண் தட்டே அல்ல, ஒரு பலகை விளையாட்டு). ‘ஃபீல்ட் மைஸ்’, ‘ஆர்கிட்ஸ்’, ‘புளூபாய்’, ‘பிரைட்டர்’ என்று உறைகளைப் பார்த்துக்கொண்டே வரும்போது பாதி நினைவு தானாகத் திரும்பிவிடும். அதற்கும் சற்று முந்தைய காலத்துக்கு, ‘என்எம்இ’ வார இதழ் 1986-இல் 22 குழுக்களைச் சேர்த்து வெளியிட்ட ‘சி86’ ஒலிநாடாவே நுழைவாயில். ‘செர்ரி ரெட்’ நிறுவனம் 2014-இல் அதைக் கூடுதல் பாடல்களோடு மூன்று சிடிகளாக விரித்து வெளியிட்டது. ஒற்றைச் சிங்கிள்களைத் துரத்துவதைவிட இத்தகைய தொகுப்பு ஒன்றை வாங்குவது, செலவிடும் பணத்துக்கு அதிகப் பாடல்களைத் தரும்.

இசைச் செயலிகளில் தேடும்போது பெயர்க் குழப்பத்தை எதிர்பாருங்கள். ‘ஹெவன்லி’ என்ற பெயரில் பிரான்சில் ஒரு மெட்டல் குழு உண்டு. லண்டனில் ‘ஹெவன்லி ரெக்கார்டிங்ஸ்’ என்று தொடர்பே இல்லாத ஒரு நிறுவனமும் உண்டு. ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் வீண் அலைச்சல் குறையும்.

கேள்வி: புதிய இண்டிபாப் வெளியீடுகள் எனக்குத் தெரியவரும்போதே தட்டுகள் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபை சந்தா ஒன்று போதாதா, வேறு எதற்காவது பணம் கட்ட வேண்டுமா? (பர்மிங்காம் வாசகர்)

பதில்: கூடுதலாக எந்தச் சந்தாவும் தேவையில்லை. கலைஞர்களும் நிறுவனங்களும் தம் இசையை நேரடியாக விற்கும் ‘பேண்ட்கேம்ப்’ தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, குழுக்களைவிட முக்கியமாக நிறுவனங்களைப் பின்தொடருங்கள். வெளியீடு அறிவிக்கப்படும்போது மின்னஞ்சல் வந்துவிடும். சிறு குழுக்கள் இரண்டு தட்டுகளோடு கலைந்துவிடும், ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்தவரின் காது பல ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்கிறது. 1989 முதல் இயங்கும் அமெரிக்காவின் ‘ஸ்லம்பர்லேண்ட்’, அதே ஆண்டு மாட்ரிட் நகரில் தொடங்கிய ‘எலெஃபான்ட்’, கலிஃபோர்னியாவின் ‘மாட்டினி’, லண்டனின் ‘ஃபிகா’, மேலே சொன்ன ‘ஸ்கெப் வாக்ஸ்’ ஆகிய ஐந்தைப் பின்தொடர்ந்தாலே ஆண்டுக்குக் கேட்டு முடியாத அளவுக்கு வந்துகொண்டிருக்கும். சாராவின் பழைய கலைஞர்கள் இன்று என்ன பாடுகிறார்கள் என்று அறிய, அவர்களுடைய புதிய பாடல்களைத் திரட்டி ஸ்கெப் வாக்ஸ் 2022-இல் வெளியிட்ட ‘அண்டர் தி பிரிட்ஜ்’ தொகுப்பைக் கேளுங்கள்.

ஸ்பாட்டிஃபை கேட்டுப் பார்ப்பதற்கு நல்லது, ஆதரிப்பதற்குப் போதாது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பாடலுக்கு அங்கே ஒலிப்பதிவு உரிமைத்தொகை கிடையாது. இந்த வகை இசையில் நல்ல பாடல்கள் பல அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதமும் பொருள் விற்பனையில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச் மாதம் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாள்களில் தன் பங்கை அது விட்டுக்கொடுப்பதால், அவசரமில்லாத கொள்முதலை அந்நாளுக்குத் தள்ளி வைக்கலாம். ஆனால் குறைவாக அச்சிடப்பட்ட தட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

பேண்ட்கேம்ப் 2022-இல் ‘எபிக் கேம்ஸ்’ என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தின் கைக்கும், அடுத்த ஆண்டே ‘சாங்டிராடர்’ என்ற இசை உரிம நிறுவனத்தின் கைக்கும் மாறியது. எனவே வாங்கியதைத் தளத்தில் மட்டும் விட்டு வைக்காமல், ஒலித்தரம் குறையாத ‘ஃபிளாக்’ கோப்பாக இறக்கிச் சொந்த வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வாங்குபவருக்கும் பெரும்பாலும் இக்கோப்பு சேர்த்தே கொடுக்கப்படுகிறது.

மாட்ரிட்டிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ தட்டு வரவழைக்கும்போது தபால் செலவோடு 20 சதவீத வாட் வரியும் சேரும். 135 பவுண்டு வரையிலான சரக்குக்கு இவ்வரி வாங்கும்போதே வசூலிக்கப்படும். ஒரே நிறுவனத்திடம் மூன்று நான்கு தட்டுகளைச் சேர்த்து வாங்கினால் தட்டொன்றுக்கான தபால் செலவு கணிசமாகக் குறையும். அதற்கு முன், உங்கள் ஊர் இசைத்தட்டுக் கடை அதை வரவழைத்துத் தருமா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தனியார் ஒருவரிடம் இணையத்தில் வாங்கிய பழைய சிங்கிள் கீறலோடு வந்திருக்கிறது. 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்கும் பொருந்துமா? (கார்டிஃப் வாசகர்)

பதில்: பொருந்தாது. மனம் மாறினாலும் 14 நாள்களுக்குள் இணையக் கொள்முதலை ரத்து செய்யும் உரிமை, வணிகரிடம் வாங்கும்போது மட்டுமே உண்டு. வணிகரிடம் வாங்கினாலும், முத்திரையிட்ட தட்டின் உறையைப் பிரித்துவிட்டால் அவ்வுரிமை போய்விடும்; பழுதுள்ள பொருளை 30 நாள்களுக்குள் நிராகரிக்கும் உரிமை மட்டும் தொடரும். தனியாரைப் பொறுத்தவரை, பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பதே உங்கள் கைப்பிடி. ‘நியர் மின்ட்’ என்று எழுதியிருந்த தட்டில் கீறல் இருந்தால் அது விவரித்தபடி இல்லை. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, கீறலையும் வெளிச்சத்தில் படமெடுத்து, முதலில் விற்பனையாளருக்கு எழுதுங்கள். மறுத்தால், பேபால் வழியாகப் பணம் கட்டியிருக்கும் பட்சத்தில் 180 நாள்களுக்குள் அங்கே முறையிடலாம். நண்பருக்கு அனுப்புவதுபோலப் பணம் அனுப்பச் சொல்லி விற்பனையாளர் கேட்டு நீங்களும் அப்படியே அனுப்பியிருந்தால், அந்தப் பாதுகாப்பு கிடையாது.